டவுன், டெய்ன், ட்ஸவுன், டூன்: ஒரே சொல்லா?

வேலியோரம் | ஜனவரி 11, இரவு 9.20

ஆங்கிலத்தில் டவுன் என்றால் ஊர். டச்சில் டெய்ன் என்றால் தோட்டம். ஜெர்மனில் ட்ஸவுன் வேலி. ஐஸ்லாந்தில் டூன் என்பது வீட்டைச் சுற்றியுள்ள புல்வயல். நார்வேயில் அதே டூன் பண்ணை வீட்டு முற்றம். இத்தனையும் ஒரே சொல் என்று சொற்பிறப்பு அகராதிகள் சாதிக்கின்றன. இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்ட மாதிரி தெரிகிறது. என் கட்சி இதுதான்: ஆங்கில டவுன் கெல்டிக் மொழியில் (அயர்லாந்து, வேல்ஸ் மொழிகளின் குடும்பம்) கோட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து தனியாக வந்தது. மற்றவை வேறு குடும்பம், ஒலி ஒத்திருப்பது தற்செயல். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

மெய்யெழுத்து | ஜனவரி 11, இரவு 11.05

பொருளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒலியைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு ஏற்பாடு. நம் எழுத்தில் அதிர்வில்லாத ஒலிக்கும் அதிர்வொலிக்கும் ஒரே எழுத்துதான். இந்த வழக்கே அந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது. அதனால் இந்த இழையில் பழஞ்சொற்களை எழுதும்போது அதிர்வில்லாததற்கு (ஆங்கில t) ட, அதிர்வுள்ளதற்கு (ஆங்கில d) த என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது உயிரொலி. இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானியத்தின் நெடில் ஊ, ஜெர்மனில் அவு ஆகிறது. ஆங்கிலத்திலும் அவு, ஆனால் அங்கே அது தனியாக, 1400-க்கும் 1700-க்கும் இடையிலான பெரும் உயிர்மாற்றத்தில் நடந்தது. டச்சில் உதட்டைக் குவித்துக்கொண்டே சொல்லும் எய். ஐஸ்லாந்தில் ஊ அப்படியே நிற்கிறது. வீட்டுக்கான சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ஹவுஸ், ஹவுஸ், ஹெய்ஸ், ஹூஸ். எலிக்கு: மவுஸ், மவுஸ், மெய்ஸ், மூஸ். டவுன் வரிசையும் அச்சு பிசகாமல் இதே தடத்தில் போகிறது.

மெய்யொலி: மற்ற மொழிகளில் சொல் முதலில் ட இருக்கும் இடத்தில் மேல்ஜெர்மனில் (தென்பகுதி ஜெர்மன், இன்றைய பொது ஜெர்மனுக்கு அடி) ட்ஸ வரும். ஆங்கில டென், ஜெர்மன் ட்ஸேன். ஆங்கில டங், ஜெர்மன் ட்ஸுங்க. அந்தக் கணக்கில் டவுனுக்கு ஜெர்மனில் எது நிற்க வேண்டும்? ட்ஸவுன். நிற்கிறது.

ஒரு ஒலி ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். முதல் மெய், நடு உயிர், கடைசி மெய் மூன்றும் நான்கு மொழியிலும் விதிப்படி விழுந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பொருள் எப்படிப் பிரிந்தது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

கோணல்மாணல் | ஜனவரி 12, காலை 7.15

ஏற்பாடு அருமை. ஆனால் பொதுமக்கள் எழுத்தில் "டவுன் பஸ்"ஸும் டவுன், "சர்வர் டவுன்"ஐயும் டவுன். டவுன்டவுன் என்று எழுதினால் எந்த டவுன் முதலில்?

மெய்யெழுத்து | ஜனவரி 12, காலை 8.40

சிரிப்புக்குக் கேட்டாலும் நடு ஆணியில் அடித்திருக்கிறீர்கள். "கீழே" எனும் டவுன் பழைய ஆங்கிலத்தில் தூன், அதாவது குன்று. "ஒவ் தூனெ" என்றால் "குன்றிலிருந்து". அந்தத் தொடர் தேய்ந்துதான் "கீழே" ஆனது. தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் மலைத்தொடரில் பழைய பொருள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆக டவுன்டவுன் எழுத்துப்படி குன்றும் வேலியும் சேர்ந்தது. இரண்டும் அடியில் ஒரே சொல்லாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. அங்கேதான் வேலியோரம் சொன்ன கெல்டிக் வருகிறது, ஆனால் அவர் நினைக்கும் வழியில் அல்ல.

கெல்டிக் தூனம் என்றால் கோட்டை, அரண். பிரான்சின் லியோன் நகரத்துக்குப் பழம்பெயர் லுக்தூனம், வெர்தன் நகரத்துக்கு விரோதூனம், இங்கிலாந்தின் கோல்செஸ்டருக்குக் கமுலோதூனம். அயர்லாந்தில் தூன் இன்றும் கோட்டை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எடின்பரோவுக்குப் பெயர் தூன் ஏதென். அந்தப் பெயரைத்தான் நியூசிலாந்தின் டனீடின் சுமக்கிறது.

இப்போது கிரிம் விதி. லத்தீனில் த இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ட வரும், மேல்ஜெர்மனில் அது இன்னொரு படி போய் ட்ஸ ஆகும். பல்லுக்கு லத்தீனில் தென்ஸ், ஆங்கிலத்தில் டூத், ஜெர்மனில் ட்ஸான். தூனம், டவுன், ட்ஸவுன் அதே மூன்று படிதான். கவனிக்க வேண்டியது: கெல்டிக்கிலிருந்து டவுன் மட்டும் தனியாக வந்திருந்தால் ஜெர்மனின் ட்ஸவுனுக்கு விளக்கம் கிடையாது. கடன் வாங்கியது மூல ஜெர்மானியம், அதுவும் கிரிம் மாற்றம் நடப்பதற்கு முன்பு, அதாவது கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தி. பிறகு எல்லாப் பிள்ளை மொழிகளும் சொத்தைப் பிரித்துக்கொண்டன.

கடன்தான் என்று ஏன் சொல்கிறார்கள்? இந்த வேருக்கு இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் மூச்சோடு கூடிய த வைப்பதுதான் வழக்கம். அது நேர்வழியில் ஜெர்மானியத்துக்கு வந்தால் த ஆகத்தான் நிற்கும், ட ஆகாது. ட வேண்டுமானால் நடுவில் ஒரு சாதாரண த தேவை. கெல்டிக்கில் மூச்சு உதிர்ந்து அதுதான் கிடைக்கிறது. அரசைக் குறிக்கும் ரைக் என்ற ஜெர்மன் சொல்லும், அரசு அலுவலகத்தைக் குறிக்கும் அம்ட் என்பதும் இதே கெல்டிக் வாசல் வழியாக வந்தவை.

குன்றைக் குறிக்கும் தூன் நேர்வழியில் வந்த உடன்பிறப்பா, பிற்காலக் கடனா, சம்பந்தமே இல்லாததா என்பதில் அறிஞர்கள் மூன்று கட்சி. மணல்மேட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லும், அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்த டியூனும் அந்தச் சண்டையில் உடன்பிறந்தவை.

பழஞ்சட்டம் | ஜனவரி 13, மாலை 6.30

பழைய ஆங்கிலத்தில் டூன் என்ன என்பதற்கு ஊகம் வேண்டாம், சட்டமே இருக்கிறது. கென்ட் அரசன் எதெல்பெர்ட்டின் சட்டம், கி.பி. 600-ஐ ஒட்டியது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டின் ரோச்செஸ்டர் படி ஒன்றில்தான் பிழைத்திருக்கிறது. அதன்படி அரசனின் டூனுக்குள் ஒருவன் கொலை செய்தால் 50 ஷில்லிங் தண்டம். உயர்குடிப் பிரபுவின் டூனில் என்றால் 12. பிறகு வருவதுதான் முக்கியம்: இன்னொருவன் டூனுக்குள் முதலில் புகுந்தவனுக்கு 6 ஷில்லிங், அடுத்தவனுக்கு 3, அதற்குப் பின் வரும் ஒவ்வொருவனுக்கும் 1. ஊருக்குள் நுழைந்ததற்கு யாரும் அபராதம் போடமாட்டார்கள். இங்கே டூன் என்பது அடைத்த மனை. முதலில் நுழைந்தவனுக்கு அதிகம் ஏன்? அடைப்பைப் பிரித்தவன் அவன்.

அடுத்தது வெசெக்ஸ் அரசன் இனெ, ஆட்சி 688 முதல் 726 வரை. அவன் சட்டத்தில் 40-ஆம் பிரிவு: குடியானவன் மனை குளிர்காலமும் கோடையும் வேலியோடு இருக்க வேண்டும். வேலி இல்லாமல் பக்கத்து வீட்டு மாடு அவன் விட்ட இடைவெளி வழியாகவே புகுந்தால், துரத்திவிட்டு நஷ்டத்தைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 42-ஆம் பிரிவு இன்னும் சுவை. குடியானவர்கள் சிலர் பொதுவில் ஒரு "கேர்ஸ்டூன்" வைத்திருக்கிறார்கள். சிலர் தங்கள் பங்கு வேலியை அடைத்துவிட்டார்கள், சிலர் அடைக்கவில்லை. மாடு புகுந்து மேய்ந்துவிட்டது. இடைவெளி யாருடைய பங்கில் இருக்கிறதோ அவர்கள், அடைத்தவர்களுக்கு ஈடு கட்ட வேண்டும். வேலியை முறித்துக்கொண்டே திரியும் மாடாக இருந்தால், பயிர்க்காரன் அதைக் கொல்லலாம். தோலும் கறியும் மாட்டுக்காரனுக்கு, அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் கிடையாது.

கேர்ஸ் என்றால் புல். கேர்ஸ்டூன் என்றால் அடைத்த புல்நிலம். வேலியோரம் ஐஸ்லாந்தில் பார்த்து மிரண்ட பொருள் இங்கிலாந்தில் 1,300 ஆண்டுக்கு முன்பே கிடக்கிறது. தோட்டப் பொருளும் அங்கேயே உண்டு: ஆப்பிள்டூன் என்றால் ஆப்பிள் தோப்பு, வ்யூர்ட்டூன் மூலிகைத் தோட்டம், லேயாக்டூன் கீரை வெங்காயப் பாத்தி. லெய்ட்டன் பஸார்ட் எனும் ஊர்ப்பெயரின் முதல் பாதி இந்த லேயாக்டூன்தான். லீச்டூன் என்றால் பிணத்துக்கு அடைத்த இடம், இடுகாடு. ஒரே மொழிக்குள் புல், பழம், கீரை, பிணம் நான்கையும் இந்தச் சொல் அடைத்திருக்கிறது. சொல் சொல்வது அடைப்பை மட்டும்தான், உள்ளே என்ன என்பது முன்னொட்டின் வேலை. பின்னால் முன்னொட்டை ஒவ்வொருவரும் உதிர்த்தபோது எந்தச் சரக்கு உள்ளே மாட்டிக்கொண்டதோ அதுவே அந்தந்த மொழியில் பொருளானது. என் பார்வையில் இந்த வழக்கு இத்தோடு முடிந்தது.

வேலியோரம் | ஜனவரி 13, இரவு 10.10

ஒலி விஷயத்தில் வாதம் இல்லை. ஆனால் அடைத்த மனை எப்போது நகரம் ஆனது?

பழஞ்சட்டம் | ஜனவரி 14, காலை 6.50

படிப்படியாக. ஒரு வீட்டுமனை, பிறகு அதைச் சேர்ந்த பண்ணை, பிறகு பண்ணையை ஒட்டிய குடிசைகள், பிறகு சிற்றூர். பழைய ஆங்கிலக்காரர் லத்தீன் "வில்லா"வை டூன் என்றே எழுதினார்கள். வில்லாவும் முதலில் பண்ணைதான், பிரெஞ்சில் "வில்" என்று நகரமாகப் பருத்தது. மதில் உள்ள ஊருக்குப் பழைய ஆங்கிலத்தில் பூர் என்று வேறு சொல் இருந்தது. நார்மன் படையெடுப்புக்குப் பிறகுதான் டவுன் மெல்ல அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தது.

ஓரங்களில் பழசு தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் "ஃபெர்ம்டூன்" என்றால் ஒரு பண்ணையும் அதன் கொட்டகைகளும். கார்ன்வாலில் "டவுன்பிளேஸ்" என்றால் பண்ணை முற்றம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் டவுன் என்பது காடு, வயல் எல்லாம் அடங்கிய நிர்வாக எல்லை, கடைத்தெருவே இல்லாவிட்டாலும் அது டவுன்தான்.

ஊர்ப்பெயர்களைப் பிரிப்பவர்களுக்கு எச்சரிக்கை. கடைசியில் "டன்" வந்தால் உடனே டூன் என்று எழுதிவிடாதீர்கள். இப்போதைய எழுத்து ஏமாற்றும், பழைய பதிவைத் தேட வேண்டும். லண்டனின் இஸ்லிங்டன் பார்க்க டூன் மாதிரி இருக்கும், பழைய வடிவம் கிஸ்லன்தூன், குன்று. இங்கிலாந்தின் பாஸ்டன், பொட்டுல்ஃப் என்பவரின் கல். பிரைட்டனோ நேர்மாறு: இடைக்காலத்துக்குப் பின் அதைப் பிரைட்ஹெல்ம்ஸ்டோன் என்று எழுதினார்கள், கல் என்றே தோன்றும். 1086-ஆம் ஆண்டு டூம்ஸ்டே நிலக்கணக்குப் பதிவில் பிரிஸ்டெல்மெஸ்டூனெ, அதாவது டூன். கிங்ஸ்டனில் முடிசூட்டுக் கல் ஒன்றைக் காட்டி "அரசன் கல்" என்பார்கள். 838-ஆம் ஆண்டுப் பதிவு க்யூனிங்கெஸ் டூன் என்கிறது, அரசன் பண்ணை.

பனிவயல் | ஜனவரி 15, மதியம் 2.00

ஐஸ்லாந்து டூனை "புல்வயல்" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அது வெறும் புல் அல்ல, சாணம் போட்ட புல். வித்தியாசம் அங்கேதான்.

பண்ணை வீட்டைச் சுற்றிச் சில ஹெக்டேர் நிலம். சுற்றிலும் கல்லும் புல்பத்தையும் அடுக்கிய சுவர், அதற்கு டூன்கார்துர் என்று பெயர். தொழுவத்துச் சாணம் முழுதும் இந்த நிலத்துக்கே. சாணத்துக்கு டாத், அந்த நிலத்தில் அறுத்த உலர்புல்லுக்கு டாதா. சுவருக்கு வெளியே சதுப்பிலும் மேட்டிலும் அறுக்கும் புல் ஊட்ஹே, வெளிப்புல். கறவைப் பசுவுக்கு டாதா, ஆட்டுக்கும் குதிரைக்கும் வெளிப்புல். எத்தனை பசு குளிர்காலத்தைத் தாண்டும் என்பதை டூன்தான் தீர்மானிக்கும். ஆகவே பண்ணையின் மதிப்பே டூனின் அளவு. அளவைக்கூட அறுப்பை வைத்துத்தான் சொன்னார்கள்: ஒரு ஆள் ஒரு நாளில் அறுப்பது டாக்ஸ்லௌட்டா, 900 சதுர ஃபாத்ம், இன்றைய கணக்கில் சுமார் 3,190 சதுர மீட்டர்.

கெடுவது எப்படி என்றால், பனியால். மண் எரிமலைத் தூசி கலந்த பொடிமண், தண்ணீரைப் பிடித்துவைக்கும். குளிரில் சில இடம் முந்தி உறைந்து மேலே தள்ளும், சில இடம் பிந்தும். வருஷக்கணக்கில் இதே நடந்தால் நிலம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் புடைப்புகள். நீள அரிவாளை வீச முடியாது. முனை மேட்டில் குத்தும், பள்ளத்துப் புல் அறுபடாமல் நிற்கும். திருத்த வேண்டுமென்றால் மண்வெட்டியால் மேல்புல்லைப் பத்தை பத்தையாகச் சீவி ஓரம் வைத்து, மண்ணைக் கொத்திச் சமன்செய்து, எரு போட்டு, பத்தையைத் திரும்ப விரித்து மிதிக்க வேண்டும். நீர் வடியக் கால் வெட்டாமல் விட்டால் புடைப்பு திரும்ப முளைக்கும். 1921-ல் ஜெர்மனியிலிருந்து இறங்கிய சுழல் கலப்பை எந்திரத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் "புடைப்புக் கொல்லி". 1916 தொடங்கி நாடு முழுதும் பண்ணை பண்ணையாக டூன்களை அளந்து வரைபடம் போட்டார்கள். அவை இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

இப்போது ரெய்க்யாவிக்கில் கிளம்பரடூன் என்பது பூங்கா. ஹாட்டூன், மித்டூன் எல்லாம் தெருப்பெயர். சாண வாடை போய்விட்டது.

நார்வேயில் டூன் வயல் அல்ல, கட்டடங்களுக்கு நடுவில் உள்ள வெளி. வீடு, களஞ்சியம், தொழுவம் நாற்புறமும் நின்றால் சதுர டூன். வரிசையாக நின்றால் வரிசை டூன். மேற்குக் கரையில் பல குடும்பங்களின் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் கொத்து டூன். ஹார்டாங்கரில் உள்ள ஆகாடூன் அப்படிப் பிழைத்திருப்பது, ஏறக்குறைய 30 கட்டடம். மற்றவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டங்களில் கலைந்தன. துண்டு துண்டாகக் கலந்து கிடந்த வயல்களை ஒன்றுசேர்த்துக் கொடுத்தபோது வீட்டையும் பிரித்துத் தூக்கிக்கொண்டு தங்கள் நிலத்துக்குப் போய்விட்டார்கள். மர வீடு, கழற்றி மாட்டலாம்.

தமிழில் இந்த நார்வே டூனுக்கு "முற்றம்" என்று போடுவது போதாது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் "வளவு", அதாவது வீடும் அதைச் சுற்றிய நிலமும், கிட்டத்தட்ட வரும்.

கோணல்மாணல் | ஜனவரி 15, மாலை 4.25

ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா, சிக்டூனா என்று ஊர்கள் உண்டே. மீன் சந்தையா?

பனிவயல் | ஜனவரி 15, மாலை 5.10

மீன் இல்லை. மேலாரன் ஏரியைச் சுற்றி இந்த "டூனா" ஊர்கள் வரிசையாக உண்டு: வல்லென்டூனா, சொல்லென்டூனா. எஸ்கில்ஸ்டூனாவுக்கு முதலில் வெறும் டூனா என்றே பெயர். அங்கே புதைக்கப்பட்ட எஸ்கில் எனும் ஆங்கிலேயத் துறவியின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. சிக்டூனா 980-ஐ ஒட்டி உருவான நகரம். ஸ்வீடிஷ் பேச்சு வழக்கில் சொல் செத்துவிட்டது, ஊர்ப்பெயரில் மட்டும் மிச்சம்.

தாழ்நிலம் | ஜனவரி 18, இரவு 8.15

டச்சுக்கு யாரும் வரவில்லை போலிருக்கிறது. இடைக்கால டச்சில் டூன் வேலியும்தான், வேலிக்குள் உள்ள இடமும்தான். பிறகு வேலி கழன்று இடம் மட்டும் நின்றது. ஆனால் பழம்பொருள் ஒரு மரபுத்தொடரில் மாட்டிக்கொண்டிருக்கிறது: ஒருவரை "டெய்னைச் சுற்றி நடத்துவது" என்றால் ஏமாற்றுவது. தோட்டத்தைச் சுற்றிக்காட்டினால் ஏமாற்றா? வேலிக்கு வெளியிலேயே சுற்ற வைத்து உள்ளே விடாமல் அனுப்புவது என்று படித்தால் புரியும்.

இன்னொரு சாட்சி நாணயம். "ஹாலந்தின் டெய்ன்" என்பது ஒரு அரசியல் சின்னம்: வட்டமாகப் பின்னிய மிலாறு வேலி, முன்னால் ஒரு படல், உள்ளே ஒரு கன்னி அல்லது சிங்கம். 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தின் செப்புக்காசு துய்ட்டில் இது உண்டு. காசைத் திருப்பிப் பார்த்தால் பூவோ செடியோ இருக்காது, பின்னிய வேலிதான் தெளிவாகத் தெரியும். நம் "துட்டு" அந்தத் துய்ட்டிலிருந்து வந்தது என்பார் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள துட்டுவைக் காட்டி மறுப்பாரும் உண்டு. அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வட ஜெர்மனியின் தாழ்ஜெர்மனில் டூன் என்றால் வேலி. ஒலியில் டச்சுக்குப் பக்கம், பொருளில் ஜெர்மனுக்குப் பக்கம். ஒலியின் எல்லையும் பொருளின் எல்லையும் ஒரே கோட்டில் ஓடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. நெதர்லாந்தின் வடக்கே பேசும் மேற்கு ஃப்ரீசியத்தில் டூன் என்றால் தோட்டம்.

மெய்யெழுத்து | ஜனவரி 18, இரவு 9.30

ஜெர்மன் பக்கத்தையும் முடித்துவிடுகிறேன். அங்கே வேலி வேலியாகவே நின்றதால் மரபுத்தொடர்கள் எல்லாம் குச்சியைச் சுற்றியே. "வேலியிலிருந்து சண்டையை ஒடிப்பது" என்றால் காரணமில்லாமல் வம்புக்கு இழுப்பது. கைக்கு எட்டும் வேலியில் ஒரு குச்சியை ஒடிப்பது அவ்வளவு சுலபம். "வேலிக்கம்பால் கையசைப்பது" என்றால் ஜாடை காட்டுகிறேன் என்று ஊருக்கே தெரியும்படி காட்டுவது. காசு கொடுக்காமல் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவன் "வேலி விருந்தாளி". ரென் குருவிக்குப் பெயர் "வேலி ராஜா".

வேலியோரம் | ஜனவரி 19, காலை 7.30

நாணயத்தில் பின்னிய வேலி என்றது பிடித்திருந்தது. அந்தக் கால வேலி எப்படிக் கட்டினார்கள்?

பனிவயல் | ஜனவரி 19, இரவு 7.45

இரண்டு மரபு. தெற்கே, அதாவது இங்கிலாந்து, தாழ்நிலம், ஜெர்மனி, மிலாறு பின்னுவது. ஹேசல் அல்லது வில்லோ. அடியோடு வெட்டி மறுபடி துளிர்க்க விட்ட புதரில் 7 முதல் 10 வருஷக் கழி. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்ட வேண்டும், பால் ஏறிய பின் வெட்டினால் சீக்கிரம் உளுக்கும். தென் இங்கிலாந்தின் ஆட்டுக்கிடைத் தட்டி 6 அடி நீளம், 10 நிறுத்துக்கழி. அவற்றை லேசாக வளைந்த ஒரு அடிமரத்தின் துளைகளில் நட்டுப் பின்னுவார்கள். வளைவில் பின்னிய தட்டியைத் தரையில் நேராக்கினால் பின்னல் இறுகும். அதுதான் சூட்சுமம். புதியவர்களுக்கு முறிவது ஓரத்தில்: கழியைச் சும்மா மடக்கினால் பட்டென்று ஒடியும். கைக்குள் முறுக்கி நார் பிரிந்த பிறகு கடைசிக் கழியைச் சுற்றித் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு ஓட்டை விடுவார்கள், இடையன் கம்பைக் கோத்து நாலைந்து தட்டியை முதுகில் தூக்கிப்போக.

வடக்கே ஹேசல் குறைவு, ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரம் தாராளம். ஸ்வீடனின் யேர்தெஸ்கோர்ட் எனும் மரவேலியில் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஜோடி ஜோடியாக முளை அடிப்பார்கள். முளையின் பட்டையைக் கொஞ்சமாவது சீவ வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று அழுகும். ஜோடியை இளம் ஸ்புரூஸ் வாரால் கட்டுவது. வாரைத் தீயில் வாட்டினால்தான் வளையும். பிறகு பிளந்த நீளக் கழிகளைச் சாய்வாக, ஒவ்வொன்றும் ஒரு கட்டின்மேல் தாங்கும்படி செருகுவது. ஏன் சாய்வு? மழை வடிந்துவிடும், கழி ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை, அடிமுனை மக்கினால் கீழே தட்டி மேலே புதுசு செருகலாம். ஆணி கிடையாது.

நார்வேயில் இதே வேலிக்கு ஷீகார்ட். ஷீ என்றால் பிளந்த மரத்துண்டு. பனிச்சறுக்குக்குக் காலில் கட்டும் பலகையும் அதே சொல்தான்.

மெய்யெழுத்து | ஜனவரி 22, காலை 9.00

கார்ட் வந்துவிட்டதால் ஒரு மறுயோசனை. நாம் இதுவரை டூனுக்கு மட்டும் ஏதோ விசேஷ விதி என்பது போலப் பேசினோம். ஆனால் கார்த் என்ற இன்னொரு ஜெர்மானியச் சொல் இதே பாதையில் போயிருக்கிறது. வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் கார்ட்ஸ் வீடு. ஜெர்மனில் கார்ட்டன் தோட்டம். ஆங்கிலத்தில் யார்ட் முற்றம், ஆர்ச்சர்டின் பின்பாதியும் அதுதான். கார்டன் பிராங்கிஷ் எனும் ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போய்ச் சுற்றி வந்தது. ஸ்வீடிஷ் கோர்ட் பண்ணை, யேர்தெஸ்கோர்டில் மட்டும் வேலி. ஐஸ்லாந்தில் கார்துர் மதில், தோட்டம் இரண்டும். வைக்கிங்குகள் கான்ஸ்டான்டினோபிளை மிக்லகார்த், பெரும் அடைப்பு, என்றார்கள்.

இன்னும் ஒன்று ஹாக், புதர்வேலி. ஆங்கிலத்தில் ஹெட்ஜ். நெதர்லாந்தின் அரசு இருக்கை டென் ஹாக் (தி ஹேக்), முழுப்பெயரில் பிரபுவின் அடைப்பு. ஆக ஊர், தோட்டம், முற்றம், வயல் நான்கும் பிறக்க டூன்தான் வேண்டுமென்பதில்லை. அடைப்பைக் குறிக்கும் எந்தச் சொல்லும் போதும். ஒரு மொழியில் டூன் ஊர் ஆகிவிட்டால் தோட்டத்துக்குக் கார்த் மிஞ்சுகிறது. டூன் தோட்டமாகிவிட்டால் கார்த் பழத்தோப்போடு ஒதுங்கிக்கொள்கிறது, டச்சு போம்கார்ட் மாதிரி. ஐஸ்லாந்தில் இரண்டும் சேர்ந்து டூன்கார்துர் என்று ஒரே சுவராக நிற்கின்றன. பழஞ்சட்டம் வழக்கு முடிந்தது என்றார். தனிச்சொல்லைப் பார்த்தால் சரி, பக்கத்து வீட்டுச் சொல்லையும் சேர்த்துப் பார்க்காமல் ஏன் இந்த மொழியில் இந்தப் பொருள் என்பதற்கு முழு விடை வராது.

பழஞ்சட்டம் | ஜனவரி 22, காலை 11.20

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஆங்கிலத்தில் டூன் தோட்டத்தை இழந்தது யார்டு பிடுங்கியதால் அல்ல. டவுன் ஊராகப் பருத்த அதே காலத்தில் கார்டன் நார்மன்காரரோடு கப்பலில் வந்து இறங்கிவிட்டது.

கோணல்மாணல் | ஜனவரி 22, மதியம் 1.05

நெல்லுக்கு வேலி போட்டதால் திருநெல்வேலி என்கிறது தலபுராணம். தஞ்சாவூர்ப் பக்கம் 20 மா நிலம் ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். நெல்லையில் பழைய பகுதிக்குப் பெயர் திருநெல்வேலி டவுன். வேலிக்கு வேலி போட்டிருக்கிறார்கள்.

வேலியோரம் | ஜனவரி 23, இரவு 9.50

என் கட்சியை வாபஸ் வாங்குகிறேன். மிச்சம் இரண்டு சந்தேகம்: ஆயிரம் கிலோ டன், பீப்பாயைக் குறிக்கும் டன் இவையும் இதே கூட்டமா? செக் தலைநகர் பிராகாவில் டீன் தேவாலயம் என்று ஒன்று இருக்கிறதே, அது?

மெய்யெழுத்து | ஜனவரி 23, இரவு 10.30

முதலாவது இல்லை. எடை டன்னும் பீப்பாயும் இடைக்கால லத்தீன் "டுன்னா". அதில் உயிர் குறில், மெய் இரட்டிப்பு. நம் சொல்லில் உயிர் நெடில். ஐஸ்லாந்தில் பீப்பாய் டுன்னா, வயல் டூன், இரண்டும் குழம்புவதில்லை.

இரண்டாவது ஆம். ஸ்லாவ் மொழிகள் ஜெர்மானியத்திடம் வாங்கிய கடன். ரஷ்ய மொழியில் டின் என்றால் கூர்முனைக் கழி நட்ட வேலி. பிராகாவின் டீன், வெளியூர் வணிகர்கள் சரக்கை இறக்கிச் சுங்கம் கட்டிய அடைத்த முற்றம். தேவாலயத்தின் முழுப்பெயர் "டீனுக்கு முன்னால் உள்ள மாதா".

தாழ்நிலம் | ஜனவரி 24, காலை 8.00

தென்னாப்பிரிக்காவை விட்டுவிட்டீர்கள். ஆஃப்ரிகான்ஸில் தோட்டம் டெய்ன், மிருகக்காட்சிசாலை தீரெடெய்ன், காட்டுயிர்க் காப்பகம் வில்ட்டெய்ன். 1926-ல் தேசியப் பூங்காவான க்ரூகர் அந்த மொழியில் க்ரூகர் வில்ட்டெய்ன், கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். 2002-ல் மொசாம்பிக், ஜிம்பாப்வேயோடு சேர்ந்து எல்லை தாண்டிய பெரும் பூங்கா ஒப்பந்தம் ஆனபின், யானை போய்வர மொசாம்பிக் பக்கத்து வேலியைச் சில இடங்களில் பிடுங்கிவிட்டார்கள்.